உத்தனப்பள்ளியில் நான்கு குராமிகள்

எல்லப்பன் புரட்டாசியில் கேழ்வரகுக் கொல்லையில் விழுந்தார். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன; பேச்சு போயிற்று. அதுவரை அவர் குரல் உத்தனப்பள்ளி முழுக்கக் கேட்கும். மனைவி சரோஜம்மாள் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லியே பதினெட்டு வருஷம் ஓட்டியவள். வீடு சட்டென்று அமைதியானது அவளுக்குப் பழகச் சில நாள் பிடித்தது.

ஐப்பசியில் அவள் தம்பி திம்மப்பன் பெங்களூரிலிருந்து வந்தான். வைக்கோல் சுற்றிய கண்ணாடித் தொட்டி ஒன்றைப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தான். தூக்குவாளியில் நான்கு மீன்கள். கடைக்காரர் குராமி என்று சொன்னாராம்.

"மாமாவுக்குப் பாத்துக்கிட்டிருக்க ஏதாச்சும் வேணுமில்ல, அக்கா?"

சரோஜம்மாள் கொல்லைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வளர்க்கும் முறையையெல்லாம் அவன் கட்டிலருகே உட்கார்ந்து எல்லப்பனிடமே சொன்னான். அவர் கேட்டுக்கொண்டார். அவளுக்குத் தெரிந்தது, மாட்டுத்தொட்டியில் நெளியும் கொசுப்புழுவை வடிகட்டிப் போடவேண்டும் என்பது மட்டும்.

மற்றதை அவர் இடது கையால் காட்டினார். கையைப் பாதி உயர்த்தினால் பாதித் தண்ணீர் மாற்றவேண்டும். சில நாள் புரிந்தும் புரியாததுபோல் அவள் நிற்பாள். அவர் முகம் சிவக்கும். பிறகு மாற்றிவிடுவாள்.

மார்கழிக் குளிர் அந்த வருஷம் கடுமை. ஒருநாள் காலை மீன்கள் தொட்டியின் அடியில் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு கிடந்தன. ஒன்று மல்லாந்திருந்தது. அவள் அதை எடுத்து வெளியே போட்டுவிட்டு வந்தாள். மிச்சம் மூன்றுக்கும் குளிர்தான் என்று தோன்றியது. குளிக்கக் காய்ந்த தவலையிலிருந்து ஒரு செம்பு மொண்டு வந்து தொட்டியின் மேல் சாய்க்கப் போனாள்.

"சூடு!"

செம்பு அப்படியே நின்றது. அவள் கட்டில் பக்கம் திரும்பினாள்.

"என்ன சொன்னீங்க?"

"சூ... டு." வாய் ஒரு பக்கம் கோணியது. இடது கை, அலமாரியில் இருந்த காலி மருந்துக் குப்பிகளைக் காட்டியது. அவள் இரண்டு குப்பிகளில் வெந்நீர் நிரப்பி, தக்கை அடைத்துத் தொட்டியில் மிதக்கவிட்டாள். ஆறியதும் மறுபடி மாற்றினாள். உச்சிப்பொழுதில் ஒரு மீன் துடுப்பை விரித்து மேலே வந்து காற்றைக் குடித்துப் போயிற்று. அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

சேதி கேட்டுப் பக்கத்து வீட்டு முனிலட்சுமி ஓடிவந்தாள். "பேச்சு வந்துட்டுதாமே! சாமிக்குப் பொங்கல் வெச்சிடு." சரோஜம்மாள் வைத்தாள். இனிப் பழையபடி அதட்டல் கேட்கும் என்ற நினைப்பும் அடுப்படியில் கூடவே இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மாசியில் அவர் கோல் ஊன்றி வாசலுக்கு நடந்தார். பங்குனியில் ஆட்களை அதட்டினார். தொட்டிப் பக்கம் திரும்புவதே இல்லை.

"அதை உன் தம்பிகிட்டயே குடுத்தனுப்பிடு. எடத்த அடைக்குது."

அவள் கொசுப்புழுவை வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க. அது இங்கதான் இருக்கும்."

அவர் கோலை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். சித்திரையில் திம்மப்பன் வந்தபோது, இன்னும் இரண்டு மீன் வேண்டுமென்று அவர் எதிரிலேயே கேட்டாள்.