இருபது நிமிடத்துக்கு ஒரு கிழங்கு

எக்ஸ்ரே அறையில் ஒரு பெரியவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பொத்தானை அழுத்திய பெண், வாய் நிறைய உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தாள். "மூச்சு விடுங்க சார்" என்று அவள் சொன்னால்தான் அவர் விடுவார். சொல்ல வாய் காலியாக இல்லை. பெரியவரின் கன்னம் உப்பி, கண் பிதுங்கி, கடைசியில் தானாகவே விட்டுவிட்டு இருமினார்.

"ஏம்மா, மனுஷன் உயிரக் கையில பிடிச்சிட்டு நிக்கிறேன், நீ என்னமோ தின்னுக்கிட்டு இருக்க?"

"பயிற்சி சார்," என்றாள், கஷ்டப்பட்டு விழுங்கிவிட்டு.

"எதுக்குப் பயிற்சி?"

"சைக்கிள் போட்டிக்கு."

பெரியவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தான்கூடப் போடாமல் வெளியேறினார்.

ஆனால் அவள் சொன்னது சத்தியமான உண்மை. மலைப்பாதையில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை மிதிக்கிற போட்டியில், காலை நம்பிக் கெட்டவர்களைவிட வயிற்றை நம்பிக் கெட்டவர்கள்தான் அதிகம். கால் வலித்தால் கெஞ்சிக் கூத்தாடி இழுத்துக்கொண்டு போகலாம். வயிறு முறுக்கிக்கொண்டால் யார் சொன்னாலும் கேட்காது. போன வருடம் அவளுக்கு அதுதான் நடந்தது. பரபரப்பில் மதியம் வரை ஒன்றும் தின்னவில்லை. பிறகு பசி கண்ணை அடைக்க, கையில் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டாள். பாதையில் மொத்தம் நாலு கட்டம். மூன்றாவது கட்டத்தின் முடிவில், நடுவர்கள் கண்ணெதிரே, அவ்வளவையும் வெளியே தள்ளினாள். பின்னால் ஊர்ந்து வரும் கடைசி வண்டியில் அவளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

வீட்டு வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். "முழுசாப் போறேன்னு போனவ முக்காலாத் திரும்பி வந்திருக்கா!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துத் தொலைத்தாள். அங்கேதான் தப்பு செய்தாள்.

அன்றைக்கு ஒட்டிய பெயர் பிறகு உரியவே இல்லை. அம்மா "முக்கால், கதவைச் சாத்து" என்றாள். அண்ணி "முக்கால் சாப்பிட்டாச்சா?" என்றாள். ஒரு நாள் அண்ணன் மணிக்கட்டைப் படம் எடுக்க ஆஸ்பத்திரிக்கு வந்து, தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து "ஏ முக்கால்!" என்று கத்திவிட்டுப் போனான். அதோடு அங்கேயும் தீர்ந்தது. புதிதாகச் சேர்ந்த எலும்பு டாக்டர் அதுதான் அவள் பெயர் என்றே நம்பி, "மிஸ் முக்கால்" என்று மரியாதையாகக் கூப்பிட்டார். திருத்தினால் கதையைச் சொல்ல வேண்டிவருமே என்று அவள் திருத்தவில்லை. இந்தத் தடவை முடித்தே ஆக வேண்டும். முடித்தால்தான் அவளுடைய சொந்தப் பெயர் அவளுக்குத் திரும்பக் கிடைக்கும்.

அதனால்தான் வயிற்றுக்குப் பயிற்சி. கைபேசியில் இருபது நிமிடத்துக்கு ஒரு மணி. மணி அடித்தால் ஒரு சின்ன உருளைக்கிழங்கு, வேகவைத்துத் தோலுரித்து உப்புப் புரட்டியது, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் உள்ளே போக வேண்டும். வேலையிலும் அதுதான், பேருந்திலும் அதுதான். சாயங்காலம் பின்சக்கரத்தைத் தாங்கியில் பூட்டி, நின்ற இடத்திலேயே மிதித்துக்கொண்டு தின்பாள். முதல் சில வாரம் ஏப்பமும் குமட்டலுமாகப் போயிற்று. பிறகு வயிறு படிந்துவிட்டது.

இவ்வளவு பாடுபட்டும் பெயர் கொடுக்கப் போனபோது தனியாக ஓட்டுபவர்களுக்கான இடம் தீர்ந்துபோயிருந்தது. ஜோடியாக ஓட்டுவதற்குத்தான் இடம் இருந்தது. ஜோடி என்றால் இரண்டு பேரும் ஒன்றாகக் கோட்டைத் தாண்ட வேண்டும். ஒருவர் பாதியில் விட்டால் இன்னொருவர் முடித்தாலும் கணக்கில் வராது. "நான் இருக்கேன்ல? உன்ன முழுசாக் கூட்டிட்டுப் போறேன்," என்றான் அண்ணன்.

அண்ணன் டைல்ஸ் கடையில் விற்பனையாளன். குளியலறைத் தரையைப் பற்றி ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுவான். சைக்கிளைப் பற்றி என்றால் கேட்கவே வேண்டாம். முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த கார்பன் சைக்கிள் வாங்கியிருந்தான். அண்ணியின் சமையலறைத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து, கையுறை, கண்ணாடி, பெடலோடு பூட்டிக்கொள்ளும் காலணி என்று ஒவ்வொன்றாக வைத்து எடை பார்த்தான். கால்சட்டையின் உட்புறப் பஞ்சுப் பட்டையையும் விடவில்லை. அந்தத் தராசில் இனி மாவு நிறுக்க மாட்டேன் என்று அண்ணி சொல்லிவிட்டாள். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும், அவனுக்குக் கால் பலம் உண்டு. ஏற்றத்தில் எப்போதும் அவளை முந்திக்கொண்டுதான் போவான்.

அவளுடைய சைக்கிளையும் சோதனை போட்டான். சீட்டுக்கு அடியில் சுருட்டிக் கட்டியிருந்த பழைய டியூபைப் பிடித்து இழுத்தான். "இது எதுக்குடி? நம்ம டயர்ல டியூபே கிடையாது. உள்ள பசை ஊத்தியிருக்கு, ஓட்ட விழுந்தா தானா அடைச்சுக்கும். வீண் பாரம்."

"இருக்கட்டும்."

"அந்தக் கிழங்கு மூட்டை வேற. உன் சைக்கிள்ல நீயே ஒரு காய்கறிக் கடை வைக்கலாம்."

இந்த விளையாட்டில் எல்லாரும் ஒப்பிக்கும் விதி ஒன்று உண்டு. போட்டி நாளில் புதிதாக எதையும் தொடக் கூடாது. புதுச் செருப்பு கூடாது, புதுச் சீட்டு கூடாது, புதுத் தீனி கூடவே கூடாது. அண்ணன் அதைப் பத்துப் பேருக்கு உபதேசம் செய்தவன். அப்படிப்பட்டவன், முந்தின நாள் எண் அட்டை வாங்கப் போன இடத்தில், பக்கத்துக் கடையில் பளபளவென்று தொங்கிய, தெம்புக்காக உறிஞ்சிக் குடிக்கிற இனிப்புப் பசைப் பாக்கெட்டைப் பார்த்து மயங்கினான். காபி வாசனை. மேலே "மின்னல்" என்று மஞ்சள் எழுத்து. காலம் முழுக்க அடுத்தவர் தலையில் கட்டியே பழகியவன், தன் தலையில் கட்டப்பட்டதைக் கவனிக்கவில்லை.

போட்டி அன்று காலை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பைன் மரங்களுக்கு நடுவே வேர்களும் கற்களுமாக ஏறும் ஒற்றையடிப் பாதை. மணி அடிக்கும்போதெல்லாம் அவள் வேகத்தைக் குறைத்து ஒரு கிழங்கை வாயில் போட்டாள். அண்ணன் மேலே நின்று தலையில் அடித்துக்கொண்டான்.

"இது சைக்கிள் போட்டியா, சாப்பாட்டுப் போட்டியா?" என்று கத்தினான். பிறகு பல்லால் பாக்கெட்டைக் கிழித்து மின்னலை உறிஞ்சினான். நெஞ்சை அடைத்தால் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று பாக்கெட்டிலேயே எழுதியிருந்தது. அவன் அதன் மேல் இன்னொரு மின்னலைக் குடித்தான்.

இரண்டாவது கட்டத்தைத் தாண்டியதும் அவன் பேச்சை நிறுத்தினான். அப்போதே அவளுக்குச் சந்தேகம் தட்டியது. சிறிது தூரத்தில் சைக்கிளைத் தொப்பென்று போட்டான். தராசில் வைத்து வைத்துப் பார்த்த அந்தக் கார்பன் சைக்கிளைத்தான். ஓட்டமும் நடையுமாக ஒரு புதருக்குப் பின்னால் மறைந்தான்.

அவள் காத்திருந்தாள். போட்டியாளர்கள் நாலைந்து பேர் தாண்டிப் போனார்கள். காற்று இந்தப் பக்கம் வீசாமல் இருந்தது அவள் செய்த புண்ணியம்.

"முக்கால்!" என்று புதர் கூப்பிட்டது. "தண்ணி எடுத்துட்டு வா!"

அவள் ஹேண்டில்பாரைத் துடைத்தாள்.

"ஏய் முக்கால்! காது கேக்கலையா?"

அவள் செயினை உற்றுப் பார்த்தாள். செயின் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு புதருக்குப் பின்னாலிருந்து, மெல்லிய குரலில், அவளுடைய சொந்தப் பெயர் வந்தது. அம்மா அப்பா வைத்த பெயர். ஏறக்குறைய ஒரு வருடமாக அவன் வாயில் வராத பெயர். அது இப்படி ஒரு இடத்திலிருந்து, இப்படி ஒரு காரணத்துக்காக வரும் என்று அவள் எதிர்பார்த்ததில்லை. ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது. தண்ணீர்ப் புட்டியையும், முகம் துடைக்க வைத்திருந்த துணியையும் கை நீட்டிக் கொடுத்தாள். துணியைத் திருப்பித் தர வேண்டாம் என்றாள்.

அப்புறம் அதே புதர் போல இன்னும் மூன்று புதர்கள்.

மூன்றாவது கட்டத்தின் முடிவில் கடைசி வண்டி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. ஓட்டுநர் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "வாம்மா! போன தடவையும் நீதானே? அந்த ஜன்னல் சீட்டு காலியாத்தான் இருக்கு."

அண்ணன் வண்டிப் படியில் போய் உட்கார்ந்தான். உதடு வெளுத்திருந்தது. "என்னால முடியலடி. உடம்புல ஒண்ணுமே இல்ல. எல்லாம் போயிடுச்சு."

"எழுந்திரு."

"நெஜமா முடியல."

"நீ இதுல ஏறினா எனக்கும் சேர்த்துத்தான் முடிஞ்சுது. இன்னும் ஒரு வருஷம் முக்கால். தெரியுமா உனக்கு?"

"அடச்சீ, அது சும்மா விளையாட்டுக்குக் கூப்பிட்டது."

"உனக்கு விளையாட்டு!" அவள் குரல் உடைந்தது. ஓட்டுநர் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆஸ்பத்திரில ஒரு டாக்டர் அதுதான் என் பேருன்னு நெனச்சிட்டிருக்காரு. ஒவ்வொரு தடவ நீங்க கூப்பிடறப்பவும் அந்த வாந்தி எடுத்த நாள்ல போய் நிக்கறேன். எவ்வளவு கேவலமா இருக்கும் தெரியுமா? ஒரு நாளாவது கேட்டியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கேட்டதில்லை. அவனுக்கு அது தோன்றியதே இல்லை என்பதுதான் நிஜம்.

அவள் சீட்டுக்கு அடியிலிருந்து பழைய டியூபை அவிழ்த்தாள். ஒரு முனையைத் தன் சீட்டுத் தண்டிலும் மறுமுனையை அவன் ஹேண்டில்பாரிலும் கட்டினாள். ஜோடியாக ஓட்டுபவர்கள் சோர்ந்தவரை இப்படி இழுப்பது வழக்கம்தான், விதியில் தடை கிடையாது. ரப்பர் என்பதால் வெட்டி இழுக்காமல் இதமாக நீண்டு கொடுக்கும். "ஏறு. முடிஞ்ச வரைக்கும் மிதி. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"வீண் பாரம்னு சொன்னேனே," என்று முனகினான்.

"பாரம் இப்பதான் பின்னாடி ஏறுது. வாயத் திற."

ஒரு கிழங்கில் கால்வாசியைக் கிள்ளி அவன் வாயில் போட்டாள். அது வயிற்றில் தங்கியது. அடுத்த மணிக்குப் பாதி. அதற்கடுத்ததற்கு முழுசு. மின்னலையும் பார்த்துவிட்ட வயிறு, உருளைக்கிழங்கைக் கண்டதும் அழாத குறையாக ஏற்றுக்கொண்டது.

கடைசி ஏற்றம் அவளை நார் நாராகக் கிழித்தது. தொடை எரிந்தது, கை மரத்தது. வலியை மறக்க அவனுக்குப் பெயர் வைத்துக்கொண்டே மிதித்தாள். புதர். நாலாம் புதர். கடைசியில் அகப்பட்டதுதான் சரியான பெயர்: மின்னல். கேட்டால் பெருமையாக இருக்கும், காரணம் கேட்டால் மானம் போகும். வீட்டுக்குப் போனதும் அம்மா முன்னால் போட்டு உடைக்கலாம் என்று நினைத்தபோது இன்னும் கொஞ்சம் பலம் வந்தது. முடிவுக்கோட்டில் கொடிகளைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்கள். கழற்றுகிறவனின் ஏணிக்குப் பக்கத்தில், டியூப் கட்டியபடியே, இரண்டு பேரும் ஒன்றாகக் கோட்டைத் தாண்டினார்கள். நேரம் தாண்டவில்லை என்று நடுவர் கட்டைவிரலை உயர்த்தினார். அவள் தரையில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதாள்.

மறுநாள் வீட்டில் அம்மாவும் அண்ணியும் கதை கேட்க உட்கார்ந்தார்கள். ஒரு தூக்கம் போட்டு எழுந்ததில் அண்ணனுக்குள் இருந்த விற்பனையாளன் திரும்ப வந்திருந்தான்.

"ரெண்டாவது கட்டம் வரைக்கும் பறந்தோம். அப்புறம் இவளுக்காக நான் கொஞ்சம் வேகத்தக் கொறச்சுக்கிட்டேன்..."

அவள் பையில் மணி அடித்தது. அணைக்க மறந்திருந்தாள். பழக்கத்தில் ஒரு கிழங்கை எடுத்து வாயில் போட்டு, அவனையே பார்த்தபடி மெதுவாக மென்றாள்.

அண்ணன் தொண்டையைச் செருமினான். "அதாவது... எனக்கும் வயிறு லேசா சரியில்ல."

பாதை, டயர், காற்றழுத்தம் என்று சுற்றி வளைத்து மறுபடி தன் வீரத்துக்கு வந்து சேர்ந்தபோது அடுத்த மணி அடித்தது. அவள் மென்றாள். "சரி, கடைசில அவதான் இழுத்துட்டு வந்தா," என்றான். மூன்றாவது மணிக்கு நாலு புதரும் வெளியே வந்தன. ஒன்று விடாமல் அவனே சொன்னான், மின்னல் பாக்கெட் உட்பட. "இனிமே யாரும் அவள முக்கால்னு கூப்பிடக் கூடாது. சொல்லிட்டேன்."

"வச்சவனே நீதானேடா," என்றாள் அம்மா.

"அதான் நானே சொல்றேன்."

அண்ணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "அது சரி, இவருக்கு ஒரு பேர் வைக்க வேண்டாமா? இவ்வளவு நடந்திருக்கு! நீ சொல்லு, நீதான் கூட இருந்த. என்ன வைக்கலாம்?"

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். மின்னல் என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொன்னால் சாகும் வரைக்கும் ஒட்டும், நாளைக்கே டைல்ஸ் கடை வரை போய்விடும். அண்ணன் அசையவில்லை. நெஞ்சு நிமிர்ந்து, கன்னம் உப்பி, கண் அவள் மேலேயே குத்தி நின்றது. அந்த முகத்தை அவள் தினமும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பார்ப்பவள்.

வாயில் இருந்ததை முழுசாக விழுங்கினாள்.

"மூச்சு விடுங்க சார்," என்றாள்.