கடற்கரை விடுதியில் ஐந்து நாள்

என் மகனுக்கு ஆபீஸ் என்று ஒரு கட்டடம் கிடையாது. முதுகில் மாட்டுகிற பைதான் ஆபீஸ். அதற்குள் ஒரு லேப்டாப், நாலு ஒயர், மூன்று சட்டை. மாதத்துக்கு ஓர் ஊர். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிகிறான் என்று நான் திட்டுவேன். "எங்க இருந்து பாத்தா என்னப்பா, வேலை நடந்தா சரி" என்பான். நானோ வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவு அறையில் முப்பத்தொரு வருடம் ஒரே நாற்காலியைத் தேய்த்தவன். லீவு போட்டு வெளியூர் போனதை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

என் மனைவிக்குக் கடலில் ஒருமுறை கால் நனைக்க வேண்டும். கல்யாணமான புதிதில் கேட்டாள். லீவு கிடைக்காது என்றேன். அப்புறமும் பலமுறை கேட்டாள், நானும் அதையே சொன்னேன். நான் ஓய்வு பெற்ற வருடம் அவளுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. எனக்கும் ஒரு தோள் சரியில்லை. மணலில் அவளை நடத்த வேண்டுமென்றால் இன்னொரு கை வேண்டும். அதனால் மகனைப் பிடித்தாள்.

"நீதான் எங்க இருந்து வேணா வேலை பாக்கலாமே தம்பி. கடல் இருக்கற ஊர்ல இருந்து பாரேன்."

அவன் அன்றைக்கே விடுதியில் அறை போட்டான். ஐந்து நாள். ஜன்னலைத் திறந்தால் கடல், படியிறங்கினால் மணல். பெரிய அறைதான், ஆனால் நெட் ஒழுங்காகக் கிடைத்தது எங்கள் கட்டிலுக்கு எதிரே இருந்த மேஜையில் மட்டும். அவன் அங்கேயே கடை விரித்தான். அவனுடைய கூட்டாளிகள் வேறு தேசத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு விடிகிறபோது நமக்கு வெயில் தாழும். வெயில் தாழ்ந்தால்தான் இவளை மணலில் இறக்க முடியும். அந்த நேரம் பார்த்து அவனுக்கு மீட்டிங் தொடங்கிவிடும்.

முதல் நாள் மீட்டிங்கிலேயே நான் அவனுடைய திரையை எட்டிப் பார்த்தேன். மூலையில் சின்னதாக ஒரு மைக் படம், சிவப்பு நிறத்தில். எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஒலிப்பதிவு அறையின் கதவுக்கு மேலே சிவப்பு பல்பு எரிந்தால் மைக் ஓடுகிறது என்று அர்த்தம். இருமல் வந்தாலும் விழுங்க வேண்டியதுதான். என் மனைவியின் காதருகே போய், "மைக் ஓடுது. மூச்சு விடக் கூடாது. உன் பேச்சு அங்க எல்லாருக்கும் கேட்டா பையன் மானம் போயிரும்" என்றேன். என் உத்தியோகத்தைக் கையோடு கொண்டுவந்துவிட்டேன்.

அவள் வாய் ஓயாதவள். பக்கத்து வீட்டுப் பூனையிடம்கூட அரைமணி நேரம் பேசுவாள். அப்படிப்பட்டவள் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மாத்திரை அட்டையைப் போர்வைக்குள் வைத்து உடைத்தாள். தும்மல் வந்தால் துண்டில் முகத்தைப் புதைத்தாள். குழாயை நூல்போலத் திறந்து கை கழுவினாள். பேச்சு தாங்க முடியாமல் போனபோது செய்தித்தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டினாள்: 'இன்னைக்காவது கூட்டிட்டுப் போவானா?' நான் கீழே, 'வாயை மூடு' என்று எழுதினேன். 'மூடிட்டுத்தானே எழுதறேன்' என்று எழுதிவிட்டு, சத்தம் வராமல் சிரித்தாள். எங்கள் மகன் காதில் ஹெட்போனோடு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

நாலு நாள் இப்படியே போயிற்று. ஒவ்வொரு நாளும் இருட்டிய பிறகுதான் திரும்பி, "சாரிம்மா, நாளைக்குக் கண்டிப்பா" என்பான். கடைசி நாள் காலையில் அவனே சொன்னான்: "இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மீட்டிங்க விட்டு எழுந்திடுவேன். என்ன ஆனாலும் சரி." அவளுக்கு முகமெல்லாம் பல்.

நாலரைக்கு நான் டீ வாங்கி வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டுக் கீழே இறங்கினேன். டீ ஒரு சாக்குதான். எனக்குப் பேச வேண்டியிருந்தது. விடுதி வாசலில் இருந்த காவலாளியைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் அளந்தேன். அரைமணி நேரம் போனதே தெரியவில்லை.

மேலே வந்தால் கட்டில் காலியாக இருந்தது. மகன் அதே இடத்தில், அதே முதுகோடு. குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவள் ஈரத்தரையில் கிடந்தாள். கடலுக்குப் போகப் புதுத்துணி மாற்றப் போனவள் வழுக்கி விழுந்திருக்கிறாள். ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. துண்டைப் பல்லில் கடித்திருந்தாள். கண்ணீர் காதுவரை வழிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்க மாட்டேன். திரும்பி அந்தச் சிவப்பு எரிகிறதா என்று பார்த்தேன். எரிந்தது. சத்தம் போடாமல் நுனிக்காலில் நடந்துபோய் மகனின் தோளைத் தொட்டேன்.

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினான். "எவ்வளவு நேரமாம்மா இப்படிக் கெடக்கற? ஏன் கூப்பிடல?"

"நீங்க போன கொஞ்ச நேரத்துல," என்று என்னைப் பார்த்து முனகினாள். அப்புறம் அவனிடம், "மைக் ஓடிட்டிருந்துச்சே தம்பி" என்றாள்.

"எந்த மைக்?"

"அந்தச் செவப்பு."

"செவப்பா இருந்தா ஆஃப்மா அது. நான் பேசறப்ப மட்டும்தான் ஆன் பண்ணுவேன். மத்த நேரம் நீ பாட்டே பாடினாலும் யாருக்கும் கேக்காது." அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. "யாரும்மா உனக்கு இப்படிச் சொன்னா?"

அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "யாரும் சொல்லல. நானா நெனச்சுக்கிட்டேன்" என்றாள்.

அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டியவன் நான். திறக்கவில்லை. ஆம்புலன்ஸ் அவளை ஏற்றிக்கொண்டு கடலை ஒட்டிய சாலையிலேயே போனது. படுத்திருந்தவளுக்கு ஜன்னல் வழியாக வானம்தான் தெரிந்திருக்கும்.

இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது என்றார்கள். பிறகு நுரையீரலில் ரத்தம் கட்டிவிட்டது. பத்தொன்பதாம் நாள் போய்விட்டாள். அந்தப் பத்தொன்பது நாளில் மகனுக்குத் தெரியாமல் ஒருமுறை என் கையைப் பிடித்து, "அவன்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. அப்புறம் ரெண்டு பேரும் மூஞ்சிய திருப்பிக்குவீங்க" என்றாள்.

மகன் இப்போது எங்கும் போவதில்லை. பையை அலமாரிக்கு மேலே போட்டுவிட்டான். கூடத்தில் மேஜை போட்டு வேலை பார்க்கிறான், ஹெட்போன் மாட்டுவதில்லை. துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம், "நான் ஒரு நாள் லீவு போட்டிருந்தா எங்கம்மா இருந்திருப்பாங்க" என்கிறான். சித்தி, மாமா எல்லோரும் அவனைத் தேற்றுகிறார்கள். நானும் தேற்றுகிறேன். எனக்கு அப்போதெல்லாம் என்னைக் கண்டால் அருவருப்பாக இருக்கிறது.

நேற்று மத்தியானம் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தான். ஒழுங்காகத் தூங்கிப் பல நாள் ஆன முகம்.

"அம்மாவுக்கு அந்த மாதிரி எப்படிப்பா தோணியிருக்கும்? நான் எப்பவாவது சத்தம் போடாதன்னு எரிஞ்சு விழுந்தேனா? யோசிச்சுப் பாக்கறேன், ஞாபகம் வரல. நீங்க கூடத்தானே இருந்தீங்க."



"தெரியலப்பா" என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டு எழுந்துபோய் மறுபடி வேலையில் உட்கார்ந்தான்.