நேராகப் பறக்கும் பந்து

எண்ணூரில் ஒரு கம்பெனிக்குச் சொந்தமான ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் இருந்தது. அங்கே ஒப்பந்தக் கூலியாகப் புல் வெட்டுவது ரமாபாயின் வேலை. அதிகாரிகள் ஆடிவிட்டுக் கிளம்பியதும், யாரோ கழித்துப்போட்ட மட்டையோடு ஆறு வருஷம் தானாகவே அடித்துப் பழகியவள்.

அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஏழாவது குழி. இடது பக்கம் குட்டை, வலது பக்கம் சவுக்குத் தோப்பு. குழி தோப்புக்குப் பின்னால் மறைந்திருக்கும். ரமாபாய் பந்தைக் குட்டைக்கு மேலே அனுப்புவாள். அது பாதி வானத்தில் வலது பக்கம் வளைந்து, தோப்பைச் சுற்றிக்கொண்டு போய் இறங்கும். கிரேன் ஓட்டும் கஸ்பாரைத் தவிர வேறு யாருக்கும் அந்த அடி வராது.

2002இல் தொழிலாளர் கோப்பைக்கு ஒப்பந்த ஆட்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஆறு புதுப் பந்துகளும் கொடுத்தார்கள். ரமாபாய் ஏழாவது குழியில் மூன்றை அடித்துப் பார்த்தாள். மூன்றும் வளையாமல் நேராகப் போய்க் குட்டைக்குள் விழுந்தன.

"எனக்குக் கை போயிட்சிய்யா" என்றாள், வீட்டுக்கு வந்ததும்.

புருஷன் பீம்ராவுக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வேலை. "கை எங்கியும் போவல. பந்துல இன்னாமோ கீது. பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு எடுத்துகினு வா, அறுத்துப் பாத்துரலாம்."

மறுநாள் இரும்புக் கடையில் ஆக்ஸா பிளேடால் அறுத்தார்கள். பழைய பந்துக்குள் இழுத்துச் சுற்றிய ரப்பர் நூல், மேலே மெத்தென்ற தோல். புதுப் பந்தில் நூலே இல்லை. நடுவில் கெட்டி ரப்பர், அதன் மேல் ஓடு ஓடாக அடுக்கு.

"பழசு அடிச்சா பம்பரமாட்டம் சுத்தும், அதான் வளையுது. இது அந்த அளவு சுத்தாது" என்றாள் ரமாபாய். கொஞ்ச நேரம் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். "யோவ், இத்தக் காத்தும் லேசுல தள்ளாதுய்யா!"

போட்டியன்று ஏழாவது குழிக்கு வரும்போது அவளும் கஸ்பாரும் சமம். கடல் காற்று இடது பக்கமிருந்து வீசியது. புதுப் பந்தை இந்தக் குழியில் அடித்துப் பார்த்திராத கஸ்பார் வழக்கம்போலக் குட்டையைப் பார்த்து அடித்தான். பந்து வளையவே இல்லை. 'தொபுக்' என்று சத்தம் கேட்டது.

ரமாபாய் தோப்பைப் பார்த்து நின்றாள். அங்கே இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு லாரி நுழையும் அளவுக்கு இடைவெளி உண்டு. பழைய பந்தை நம்பி யாரும் அதற்குள் அடித்ததில்லை.

"யக்கா, மரத்துல மோதிக்கும்! இந்தாண்ட திரும்பு!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

"நீ சும்மா பாரு நைனா."

தாழ்வாக அடித்தாள். பந்து கோடு கிழித்த மாதிரி மரங்களுக்கு நடுவே புகுந்து மறைந்தது. எல்லோரும் ஓடினார்கள். குழிக்கு நாலடி தூரத்தில் கிடந்தது பந்து.

ஒன்பது குழியும் முடிந்தபோது கஸ்பாரைவிட இரண்டு தடவை குறைவாக அடித்திருந்தாள்; கோப்பை அவளுக்கு. "தோட்டப் பிரிவு, ரமா" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். அவள் மேடையேறி மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ரமாபாய் பீம்ராவ். வியாசர்பாடி. முழுப் பேரா எழுதிக்கங்க சார்."

பீம்ராவ் விசிலடித்தான். முதலில் எழுந்து நின்று கை தட்டியவன் கஸ்பார்.