கசங்காத சட்டை

1

இந்தக் கதை ஒரு மாடிப்படியில் கிடைத்தது. மடிப்புக் கலையாத சட்டையுடன் ஏறி வந்த ஒருவர், அலுவலகக் கதவுக்கு முன்னால் நின்று, பையிலிருந்து முழங்கை தேய்ந்த ஒரு ஸ்வெட்டரை எடுத்தார். அதைச் சட்டைக்கு மேல் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். வேலைக்குப் போகிற ஆள் நல்ல உடையை ஏன் மறைக்க வேண்டும்? அப்போதே எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. அந்த ஸ்வெட்டரை இந்தக் கதையில் இன்னும் யாருக்கும் போடவில்லை. கையில்தான் வைத்திருக்கிறேன், மறந்துவிடாதீர்கள்.

2

அலமாரியின் முன்னால் அவள் நெடுநேரம் நின்

வேண்டாம். அலமாரிக்கு முன்னால் பெண்களை நிறுத்தி நிறுத்தி எனக்கே கால் வலிக்கிறது. நேராகச் சொல்லிவிடுகிறேன். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், இழப்பீடு கேட்டு வரும் மனுக்களைச் சரிபார்ப்பவள் அவள். தற்காலிக வேலை. அதை நிரந்தரமாக்குவதா, ஆளை வீட்டுக்கு அனுப்புவதா என்று பிரிவு மேலாளர் இன்று மதியம் முடிவு செய்வார். இன்று என்ன உடுத்துவது?

[நல்லதாகத்தான், இதில் என்ன யோசனை என்பீர்கள். அந்தப் பிரிவு உங்களுக்குத் தெரியாது. பொய் மனுக்களைப் பிடித்துப் பிடித்து அங்கே எல்லோருக்கும் சந்தேகமே பிழைப்பாகிவிட்டது. ஒருவர் பளிச்சென்று வந்தால், வேறு கம்பெனியில் இண்டர்வியூ என்று அர்த்தம். அப்படி வந்த சிலர் கம்பி நீட்டியும் இருக்கிறார்கள். விஷயம் தெரிந்த பிறகு, இண்டர்வியூவுக்குப் போகிறவர்கள் வேண்டுமென்றே கசங்கி வர ஆரம்பித்தார்கள். ஆகவே இப்போது ரொம்பக் கசங்கி வந்தாலும் சந்தேகம்தான்.]

3

அக்காவின் கறுப்புக் கோட்டு அவளுக்குக் கச்சிதமாக இருந்தது.

"இதப் போட்டுட்டுப் போனா நான் வேற வேலை தேடறேன்னு நினைப்பாங்கக்கா."

"நல்லா உடுத்தினா குத்தமா? என்னடி ஆபீஸ் அது! பேசாம போட்டுட்டுப் போ."

போட்டுக்கொண்டு போனாள். (பையில் இன்னொரு ஜோடி செருப்பும் இருந்தது. எதற்கென்று கேட்டேன். ஷூவும் அக்காவுடையது, கடிக்கிறது என்றாள். எனக்கென்னவோ சமாதானமாகவில்லை. பாத்திரங்களை நம்பிக் கெட்டவன் நான்.)

4

பக்கத்து மேசைக்காரருக்கு அந்தப் பிரிவில் 'மோப்பம்' என்று பட்டப்பெயர்.

"என்னம்மா, இன்னிக்கு ஏதாவது விசேஷமா?"

"ஒண்ணுமில்லண்ணே."

"ஒண்ணுமில்லாமலா கோட்டு?"

செய்தி மேலாளர் அறைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்! மதியம் வரை பொறுக்காமல் கூப்பிட்டு அனுப்பினார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

அவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "ஒளிச்சு மறைச்சுப் பேச வேணாம்மா. எங்க இண்டர்வியூ?"

"இங்கதான் சார்."

"இங்கயா?"

"இன்னிக்கு என் வேலைய நீங்கதான சார் முடிவு பண்றீங்க? அதுக்குத்தான் போட்டுட்டு வந்தேன்."

நல்ல துணி உடுத்தியதற்கெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு அவமானமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

5

முடிவு ஒன்று: மேலாளர் மனம் இளகிக் கையெழுத்துப்

அடப் போங்கள். அவராவது, இளகுவதாவது!

முடிவு இரண்டு: பையைத் திறந்து காட்டச் சொல்கிறார். உள்ளே செருப்பைத் தவிர ஒன்றுமில்லை. அவருக்கு வெட்கமில்லை, எனக்குத்தான் வெட்கமாகப் போகிறது.

இரண்டும் வேண்டாம். கையில் அந்த ஸ்வெட்டர் இருக்கிறதே. அன்று படியில் நான் பார்த்தவருக்கு வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். அதை இந்த மேலாளருக்கே போட்டுவிடுகிறேன்.

இப்போது அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். முழங்கை தேய்ந்த பழைய ஸ்வெட்டர். அதன் கழுத்துக்கு மேலே, விறைப்பாக, புத்தம் புதுக் காலர். பொய் மனுக்களைப் பார்த்துப் பழகிய கண் அல்லவா, சட்டென்று பிடிபட்டுவிட்டது. கம்பி நீட்டப்போவது இவர்தான்.

"சார்..."

"என்ன?" அவருடைய கை தானாகக் காலருக்குப் போனது.

அவளது நியமனத் தாள் இன்னும் கையெழுத்தாகாமல் மேசைமேல் கிடக்கிறது. பார்த்ததைச் சொன்னால் மிரட்டுவதாக ஆகிவிடும். சொல்லாமல் வெளியே வந்தால் வேலை போய்விடும். அவள் வாயைத் திறந்துவிட்டாள். அடுத்த சொல்லை நான் எழுதமாட்டேன், நீங்கள்தான் எழுத வேண்டும். உட்காருங்கள், பேனாவை எடுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சட்டையெல்லாம் பளிச்சென்று இருக்கிறதே, என்ன, இன்றைக்கு ஏதாவது விசேஷமா?