துப்பாக்கிக்கு முதுகு காட்டியவர்

முன்னாள் பட்டாளத்துக்காரரும் ரிடையரான தொழிலாளியுமான அருள்நாதனை மண்ணூரில் அடக்கம் செய்துவிட்டு வந்ததும், கூட வேலை பார்த்த கோதண்டம் எழுபத்தெட்டில் நடந்த ஸ்டிரைக்கைப் பற்றிப் பேசினார்.

அன்று கம்பெனி கேட்டில் போலீஸ் துப்பாக்கியை நீட்டி நின்றது. தொழிலாளர்கள் கையில் கல். அருள்நாதன் நடுவில் போய், துப்பாக்கிகளுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"கல்லைக் கீழ போடுங்கடா. குண்டு பட்டவன் எப்டி சாவான்னு நான் சண்டையில பாத்தவன்."

யாரோ எறிந்த கல் அவர் நெற்றியைக் கிழித்தது. ரத்தம் கண்ணில் வழிந்தும் அவர் நகரவில்லை. ஒவ்வொருவராகக் கல்லைப் போட்டார்கள். துப்பாக்கிகளும் தாழ்ந்தன.

"அண்ணனுக்குப் பயமே கெடையாது அண்ணி," என்றார் கோதண்டம்.

அருள்நாதனின் மனைவி சவரியம்மாள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"அன்னிக்கு வூட்டுக்கு வந்து தண்ணிச் சொம்பக்கூட அவரால புடிக்க முடில. கை அப்டி நடுங்கிச்சு. நான்தான் குடிக்க வெச்சேன்."