படத்தின் வலது கரை

எனக்கு சினிமாப் பைத்தியம் கிடையாது. மாதத்துக்கு ஒரே ஒரு படம், அதுவும் அமாவாசைக்கு. அன்றைக்குக் காஞ்சிபுரத்தில் நாங்கள் யாரும் தறியில் உட்கார மாட்டோம். தறிக்கு லீவு என்றால் எனக்கும் என் மனைவி துர்காதேவிக்கும் தியேட்டர். அன்றைக்கு என்ன ஓடுகிறதோ அதுதான் படம். பேயா, காதலா, அடிதடியா என்பதைப் பஞ்சாங்கம் பார்த்துக்கொள்ளும்.

முப்பத்தொரு வருஷமாக இரண்டு பேரும் ஒரே தறியில் உட்காருகிறோம். கரையைத் தனி நூலில் ஓட்டி உடலோடு கோக்கிற கோர்வைக் கரைப் புடவைக்கு ஓர் ஆள் போதாது. வலது கரை என் பொறுப்பு, இடது கரை அவள் பொறுப்பு. நடுவில் புடவையின் உடல் தானாக வந்துவிடும். தப்பு வருவதெல்லாம் உடலும் கரையும் சேருகிற இடத்தில்தான். அதனால் கண்ணும் அங்கேயே பழகிவிட்டது. தியேட்டரிலும் அப்படித்தான். திரையின் வலது ஓரத்தை நான் பார்ப்பேன், இடது ஓரத்தை அவள் பார்ப்பாள். வீட்டுக்கு வரும் வழியில் பேசிச் சேர்த்துக்கொள்வோம். எல்லாப் புருஷன் பெண்டாட்டியும் இப்படித்தான் படம் பார்க்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப் பார்த்ததில் எனக்கென்று சில அபிப்பிராயங்கள் உண்டு. பேய்ப் படம் சுத்த ஏமாற்று வேலை. ஒரு ஜன்னல், ஒரு பீரோ, அவ்வளவுதான். அதற்குப் போய் துர்காதேவி என் கையைக் கிள்ளிக் கத்துவாள். சண்டைப் படம் பரவாயில்லை. பறந்து வருகிறவர்கள் பெரும்பாலும் என் பக்கம்தான் விழுவார்கள். யார் அடித்தது என்று அவளைக் கேட்டுக்கொள்ளலாம். காதல் படம்தான் அறுவை. ஒருத்தன் இரண்டரை மணி நேரம் எதையோ பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டே நிற்கிறான். குடும்பப் படத்தில் எல்லாரும் வரிசையாக நின்று அழுவதால் ஆளுக்குப் பாதி கிடைத்துவிடும்.

வம்பு துப்பறியும் படத்தில் வந்தது. போன அமாவாசைக்குப் பார்த்தோம். பங்களாவில் ஒரு பெரியவர் செத்துக் கிடக்கிறார். கொன்றது யார் என்பதுதான் கதை.

"டாக்டர்தான் கொன்னுட்டான்" என்றேன் வெளியே வந்ததும்.

"எந்த டாக்டருங்க? கொன்னது சமையக்காரி. படத்துல டாக்டரே கெடையாது."

"சமையக்காரின்னு யாரும் வரவே இல்லியே. நீ தூங்கிட்ட."

சொல்லியிருக்கக் கூடாது. முப்பத்தொரு வருஷத்தில் அவள் கரையில் ஓர் இழை தப்பியதில்லை. "என் கண்ண நம்பாத ஆளு பக்கத்துல நான் இன்னாத்துக்குத் தறியில ஒக்காரணும்?" என்றாள். மறுநாள் உட்காரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சமைத்தாள், தட்டு வைத்தாள், என்னிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

தறியில் வாலாஜாபாத் பெண் ஒருத்தியின் முகூர்த்தப் புடவை இரண்டு முழத்தோடு நின்றது. அக்கம்பக்கத்தில் வேறு ஆளை உட்காரவைக்கச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. இடது பக்கத்தில் அவள் வளையல் சத்தம் கேட்காமல் தறி மிதிக்கக் காலே எழவில்லை. இனி இப்படியே இருந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

பத்தாம் நாள் நூல் வாங்கப் போகிறேன் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அதே படத்தின் மத்தியான ஆட்டத்துக்குப் போனேன். அமாவாசை இல்லாத நாளில் தியேட்டருக்குள் கால் வைத்தது அன்றுதான். இடது கோடியில் உட்கார்ந்து இடது ஓரத்தையே பார்த்தேன். கழுத்து சுளுக்கிக்கொண்டது. நான் பார்த்தே இராத படம் அது. முதல் காட்சியிலேயே சமையல்காரி வந்துவிட்டாள். என்ன பொம்பளை அவள்! பெரியவரின் பால் டம்ளரை அவள் கழுவிக் கவிழ்த்த அவசரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் பெண்டாட்டி தூங்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் ஒரு சீட் தள்ளி உட்கார்ந்தார்.

விளக்குப் போட்டதும் பார்த்தால், வலது கோடியில் துர்காதேவி கழுத்தைத் தேய்த்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். காமாட்சியம்மன் கோயிலுக்கு என்று அவளும் சுவரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நான் இந்த ஓரமும் அவள் அந்த ஓரமும் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படிக் கண்ணில் படுவோம்?

சைக்கிள் ஸ்டாண்டில் எதிரெதிரே நின்றோம்.

"நீ சொன்னதுதான் சரி. சமையக்காரிதான்" என்றேன்.

"இல்லங்க, நான்தான் தப்பா பேசிட்டேன். டாக்டருதான். ஊசிய ஒளிச்சு வெச்சானே."

"இப்பதான் ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டு வரேன், சமையக்காரி!"

"அப்ப நான் தூங்கிக்கினு இருந்தனா?"

ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கும் வெங்கடேசன் அந்தப் படத்தை நாலு தடவை பார்த்தவர். அவருக்குப் பொறுக்கவில்லை. "இன்னாபா நீங்க? கொன்னது இன்ஸ்பெக்டரு. படம் பூரா நட்ட நடுவுல நின்னுக்கினு இருந்தாரே!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தோம்.

"நடுவுல யாருபா பாப்பாங்க?"

இரண்டு வாயிலிருந்தும் ஒரே பேச்சு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் நாலு விரல் அகலம் நெய்தோம். அவள் டாக்டர் என்று சொல்லி ஊடைநூல் நாடாவைத் தள்ளினாள். நான் சமையல்காரி என்று சொல்லித் தள்ளினேன். கரை ஓர் இழை பிசகாமல் வந்தது.