மேஸ்திரி போட்ட சட்டம்

தோல் பதனிடும் அந்த ஆம்பூர் ஷாப்பில் வேலாயுதம் மேஸ்திரி போட்ட சட்டம் ஒன்று இருந்தது. தோல் காயவைக்கும் மச்சுக்கு ஆள் ஏறியதும் ஏணியை எடுத்துவிட வேண்டும். தோலெல்லாம் கீழே வந்து சேர்ந்த பிறகுதான் திரும்பச் சாத்தவேண்டும். திருட்டுப் பயம். தன்னைப் போலத்தானே பிறரையும் நினைப்பான்!

போன ஐப்பசியில் பஞ்சாயத்து ரேடியோ புயல் என்று அலறியது. எல்லோரும் வீட்டுக்கு ஓடினார்கள். "ரேடியோக்காரன் சொன்னா வந்துடுமா?" என்று சிரித்த மேஸ்திரி, அங்கே கூலிவேலை செய்யும் பூரணியின் புருஷன் செங்கல்வராயனை மட்டும் நிறுத்தி, காய்ந்த தோலை இறக்க மேலே ஏற்றி ஏணியை எடுத்தான். காற்று தகரக் கூரையைப் பிய்த்து எறிந்தது, அவனையும் சேர்த்து.

"ஏணி கேட்டேன் பூரணி, குடுக்கல." உயிர் போகும் முன் அவன் சொன்னது அவ்வளவுதான்.

குடித்துவிட்டு ஏறினான் என்று மேஸ்திரி ஊரெல்லாம் சொன்னான். கள்ளை நாக்கில் வைத்தறியாத மனுஷன்! பூரணி சொன்னதை யாரும் நம்பவில்லை. குடிகாரன் பெண்டாட்டி என்ற பேர்தான் அவளுக்கு மிஞ்சியது. ஆனாலும் அதே முற்றத்தில், தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டையை உலர்த்த வந்துகொண்டே இருந்தாள். வயிற்றுப்பாட்டுக்கு என்று நினைத்தார்கள். இல்லை, வயிற்றெரிச்சலுக்கு.

இந்த ஐப்பசியில் ரேடியோ மறுபடி சொன்னது. கடும்புயல், மதராஸ் பக்கம் கரையேறும், வட ஆற்காடு ஜில்லாவும் உஷாராக இருக்கவேண்டும். மச்சு நிறையத் தோல். "நீங்களே ஏறுங்க" என்று ஆட்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். மேஸ்திரி முனகிக்கொண்டே ஏறினான். அவன் மேலே கால் வைத்ததுதான் தாமதம், பூரணி ஏணியை உருவினாள்.

"இன்னாடி பண்றே?"

"சட்டம் மேஸ்திரி. நீங்க போட்டதுதான்."

காற்று வலுத்தது. ஒரு தகரம் கழன்று தெருவில் போய் விழுந்தது. மேஸ்திரி தூணைக் கட்டிக்கொண்டான்.

"குடுத்துடுடி, பாவம்" என்றாள் உடன் வேலை செய்யும் மரியம்மாள்.

"எனக்கு யாரு பாவம் பார்த்தீங்க?" என்ற பூரணி மேலே பார்த்துக் கேட்டாள். "எங்க வூட்டுக்காரரு குடிச்சிருந்தாரா?"

இன்னொரு தகரம் பறந்தது.

"குடிக்கல! ஏணி கேட்டான், நான்தான் குடுக்கல!"

"காத்து ஜாஸ்தி மேஸ்திரி, காதுல விழல. ஒரக்க சொல்லுங்க."

அழுதுகொண்டே அவன் மறுபடி கத்தினான். முற்றமே கேட்டது. பூரணி ஏணியைச் சாத்தினாள். பிடித்துக்கொள்ள மட்டும் நிற்கவில்லை.

அவன் இறங்கிய கொஞ்ச நேரத்தில் மொத்தக் கூரையும் போய்விட்டது.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆளும் போயிருப்பான்" என்றாள் மரியம்மாள்.

"செத்துட்டா மாலை போட்டு நல்லவன்னு சொல்லிடுவீங்க. இருக்கட்டும்."

அவன் இருந்தான். தினமும் காலையில் அவன் முற்றத்தைக் கடக்கும்போது, பட்டை உலர்த்திக்கொண்டே பூரணி எல்லோருக்கும் கேட்கும்படி மரியாதையாகக் கேட்பாள்.

"ஏணி வேணுங்களா மேஸ்திரி?"